கூலாயில பனி விழுற வீடு

தம்பி, ஜெர்மனிக்காரன் வீட்டுக் கூரைய அவ்வளவு செங்குத்தா நிறுத்தினது, பனி தங்காம சறுக்கி விழணும்னுதான். நம்ம ஜொகூர் கூலாயில பனி வேணும்னா ஐஸ்பெட்டியத் தொறந்தாத்தான் உண்டு. அப்புறம் எதுக்குடா உன் மேசை மேல அந்தக் கூரைய அப்படியே ஒட்டிவெச்சு, பக்கத்துல கே.டி.எம். பொம்மை ரயில ஓட விட்டிருக்க? சுத்தி செம்பனை, நடுவுல பனிக்காலத்து வீடு, வீட்டுக்கு மேல ரெண்டு புகைபோக்கி. யாரு வீடுன்னு கேட்டா 'கிராணி வீடு தாத்தா'ங்கிற. தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணிங்கள்ல எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் சாயங்காலம் ஆனா சட்டையக் கழட்டிட்டு வாசப்படியில விசிறியோட உட்கார்ந்தவங்க. உன் கிராணி மட்டும் உள்ள கணப்பு மூட்டிக் குளிர் காயுறாரு. உடம்புக்கு முடியலையோ என்னவோ.

எனக்கென்ன தெரியும். நான் தோட்டத்துல பலகை அறுத்தவன். தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துக்குக் கதவு மாட்டினவன், பங்களாவுக்குப் படி போட்டவன். பிளாஸ்டிக் வீடு கட்டுறதெல்லாம் படிச்ச புள்ளைங்க வேலை. செனாயில சம்பாதிக்கிற வெள்ளியெல்லாம் தபால்ல பெட்டியா வந்து இறங்குது, நல்லாத்தான் இருக்கு. மேசைக்குப் பக்கத்துல நின்னு வாய் பேசறதுக்கு யாரும் காசு கேக்கப் போறதில்ல, அதனால நானும் கொஞ்சம் பேசிக்கிறேன்.

முதல்ல, பெட்டி மேல இருக்கிற படத்த நம்பாத. அது பொண்ணு பார்க்க அனுப்புற போட்டோ மாதிரி. நல்ல வெளிச்சத்துல, நல்ல பக்கமா நிறுத்தி எடுத்தது. உள்ள இருக்கிறது என்ன? நாலஞ்சு பிளாஸ்டிக் சட்டம், அதுல தொங்குற சுவரு, ஜன்னலு, கதவு, ஓடு. அத வீடுன்னு நெனச்சாத்தான் வம்பு. அத மரக்கடையிலேருந்து வந்த பலகைன்னு நெனச்சுக்க. பலகைய எப்படி அறுக்கணும்னு மரக்கடைக்காரன் காகிதம் எழுதி அனுப்பினா நான் அடுப்புல போட்டிருப்பேன். நீ அந்தக் காகிதத்த ஃபைல்ல போட்டுப் பத்திரமா வெச்சிருக்க.

கறுப்புக் காடுன்னு ஜெர்மனியில ஒரு மலைப் பிரதேசம். அங்க கூட்டன்பாக்னு ஒரு ஊருல ஃபாலர் அண்ணன் தம்பிங்க 1946-ல ஆரம்பிச்ச கம்பெனிதான் இந்த மாதிரிப் பெட்டிய உலகத்துக்கு அனுப்பிக்கிட்டிருக்கு. அவங்க ஜன்னலத் தொறந்தா என்ன தெரிஞ்சுதோ அத அச்சு வார்த்தாங்க. அதுல ஒரு குத்தமும் இல்ல. அமெரிக்காவுல மில்வாக்கியில 1932-லேருந்து இருக்கிற வால்தர்ஸ்காரங்க அவங்க ஊரு செங்கல் கட்டடத்த வார்த்தாங்க. ஜப்பான்ல காத்தோவும் டோமிக்ஸும் அவங்க தெருவ வார்த்தாங்க. நீயும் உன் ஜன்னலத் தொறந்து பாரு. எதிர் வீட்டு ஆஸ்ட்ரோ தட்டு, மோட்டோ நிறுத்துற கொட்டாய், மழைத்தண்ணி ஓடுற லோங்காங், வாழை, துளசி மாடம். இதுல ஒண்ணு அந்தப் பெட்டியில இருக்கா? பூந்தொட்டி கொடுத்திருக்கான், தபால்பெட்டி கொடுத்திருக்கான், நாய்கூடக் கொடுத்திருக்கான். லோங்காங் கொடுக்கல. லோங்காங் இல்லாத கூலாய்ல முதல் மழைக்கே உன் ஊரு முழுகிடும்.

சரி, கத்திய எடுக்கிறதுக்கு முன்னால கதவ அள. அளவுகோல்ல முதல் புத்தி அதுதான். 1:87ன்னு பெட்டியில போட்டிருக்கு, அதாவது ஊருல 87 அடி இருந்தா உன் மேசையில ஒரு அடி. ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கிற கதவு 24 மில்லிமீட்டர் வரணும். 170 சென்டிமீட்டர் ஆளு பத்தொம்பதரை மில்லிமீட்டர். அந்த ஆளக் கதவுக்கு முன்னால நிறுத்து. குனிஞ்சு போறான்னா அந்த வீடு பொய் சொல்லுது. பழைய பெட்டி சிலதுல 1:87ன்னு எழுதியிருந்தாலும் வீடு அதவிடச் சின்னதாத்தான் இருக்கும். மேசையில இடம் பத்தணும்னு அவங்களே சுருக்கிட்டாங்க. அந்த மாதிரி வீட்டத் தூக்கி எறியாத, மேசையோட பின் ஓரத்துல வை. தூரத்துல இருக்கிறதா கண்ணு நெனச்சுக்கும். ஜப்பான்காரனோட 1:150 வீட்ட இன்னும் பின்னால வை. முன்னால மட்டும் வெச்சிடாத. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னா அப்பன் வீட்டு வாசல்ல மவன் நுழைய முடியாது.

தண்டவாளத்தப் பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம பாதை ஒரு மீட்டர் அகலம். 1:87-ல கணக்குப் போட்டா பதினொன்னரை மில்லிமீட்டர், கடையில 12 மில்லிமீட்டர் பாதையாக் கிடைக்கும். நீ வாங்கியிருக்கிறது பதினாறரை. அது ஐரோப்பாவுல ஓடுற 1,435 மில்லிமீட்டர் அகலத்துக்கு உண்டானது. வாங்கிட்ட, பாவம், இருக்கட்டும். பக்கத்துல புல்ல அடர்த்தியா வளர்த்துவிடு; யாரும் குனிஞ்சு அளக்க மாட்டாங்க, என்னத் தவிர.

இப்ப மரப்பெட்டி ஒண்ணு வாங்கியிருக்கியே, லேசர்ல வெட்டினது, அதப் பார்த்ததும் எனக்கு நம்ம ஜொகூர் மஹாராஜா ஞாபகம் வந்துட்டாரு. அபு பக்கார் 1869-ல ஜொகூர் பாருவிலேருந்து குனோங் பூலாய் வரைக்கும் ரயில் பாதை போட ஆரம்பிச்சாரு. அதோ நம்ம மேற்கால நிக்கிற மலைதான். இந்த நாட்டுலயே யாரும் ரயில் விடாத காலம். தண்டவாளம் எதுல? மரத்துல. காட்டுல மரத்துக்குப் பஞ்சமா? பஞ்சமில்ல, கறையானுக்கும் பஞ்சமில்ல. ஒரு பக்கம் ஆளுங்க போட்டுக்கிட்டே போக, இன்னொரு பக்கம் கறையான் தின்னுக்கிட்டே வந்தது. பாதை மலையப் பார்க்காமலேயே நின்னுபோச்சு. அப்புறம் கெமாஸ்லேருந்து ஜொகூர் பாருவுக்கு இரும்புப் பாதை 1909-லதான் முழுசா வந்தது; அதுலதான் நம்ம கூலாய் ஸ்டேசன் உட்கார்ந்துச்சு.

இத ஏன் சொல்றேன்னா, இந்த ஊருக் கறையான் ராஜா பாதைன்னு பார்க்கல, உன் மேசைன்னு பார்க்கப் போவுதா? மரத்துல செஞ்ச வீட்ட, ஒட்டுறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் வார்னிஷோ பிரைமரோ அடிச்சு மூடு. ஒரு பக்கம் மட்டும் அடிச்சா ஈரம் மறுபக்கமா ஏறி பலகை வில்லா வளையும். அட்டையில செஞ்சதும் இருக்கு, இங்கிலாந்துல மெட்கால்ஃப்னு ஒருத்தர் கம்பெனி, அச்சடிச்ச அட்டையில அழகழகா வீடு. நம்ம ஊருல அத அப்படியே வெச்சா மூணு மழைக்காலத்துல பூஞ்சை பூத்துடும். வெள்ளைப் பசைய அட்டையில அப்பாத, தடவு. உள் மூலையில எல்லாம் குச்சி கொடுத்து முட்டுக் கட்டு. பிளாஸ்டிக்குக்கு இந்தத் தொல்லை இல்ல. கறையான் அதத் தொடாது, அதுக்கும் ருசி தெரியும்.

பிளாஸ்டிக்க ஒட்டுறதுக்குத் தண்ணியா இருக்கிற சிமெண்டுதான் நல்லது, டமியாவுல பச்சை மூடி போட்டு ஒரு புட்டி வருதே, அது. ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிச்சு, உள் பக்கமா தூரிகைய ஒரு தொடு தொட்டா இடுக்குல தானே ஓடும். நீ என்ன செய்யிற? சூப்பர் குளூவ எடுத்து ஜன்னல் கண்ணாடிக்குப் பிதுக்குற. ஆவி அடிச்சு கண்ணாடி எல்லாம் வெள்ளையாப் போச்சு. 'பனி மூட்டம் தாத்தா'ன்னு சொல்லிடாத, அடிப்பேன். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை போதும். பாகத்தையும் சட்டத்துலேருந்து கையால முறுக்கிப் பிய்க்கிற. நிப்பர் பத்து வெள்ளிக்குக் கிடைக்குது. கொஞ்சம் தள்ளி வெட்டு, மிச்சத்த உப்புத்தாள்ல தேய். மூலை நேரா வந்தாத்தான் கூரை உட்காரும். இது லயத்துக்கும் அதே சட்டம், பங்களாவுக்கும் அதே சட்டம்.

இப்ப வெட்டுற விஷயத்துக்கு வருவோம். ரெண்டு பெட்டிய உடைச்சு ஒரு வீடு கட்டுறதுக்கு கிட்பாஷிங்னு பேராம். அமெரிக்காவுல ஆர்ட் கரன்னு ஒரு மனுஷன் இதுக்குன்னே 1988-ல ஒரு புத்தகம் போட்டாரு. நாங்க புத்தகம் போடல. பழைய புகைவீட்டப் பிரிச்ச பலகையில மாட்டுக் கொட்டாய், மாட்டுக் கொட்டாயப் பிரிச்ச பலகையில கோயிலுக்கு முன்னால பந்தல், பந்தல் பலகையில யாரோ வீட்டுக் கோழிக்கூடு. ஆணியக்கூட நிமித்தித்தான் அடிச்சோம். புத்தகம் போட்டிருந்தா எனக்கும் பேரு வந்திருக்கும்.

அறுக்கிறதுக்கு முன்னால சுவர எல்லாம் காகிதத்துல வெச்சு வரைஞ்சு வெட்டி, மைலோ டப்பா அட்டையில ஒட்டி, வீட்ட மொட்டையா ஒருதரம் நிறுத்திப் பாரு. அட்டைய எத்தனை தரம் வேணா வெட்டலாம். அப்புறம் ஒரு சூட்சுமம் கேட்டுக்க. செங்கல் சுவருக்கு உள் பக்கம் வழவழன்னு இருக்கும், பார்த்தியா? அதத் திருப்பி வெளிப்பக்கமா வை. சுண்ணாம்பு அடிச்ச சுவரு ஆயிடும். கம்பெனிக்காரன் செங்கலுக்குக் காசு வாங்கிட்டு பூச்சு வேலைய இலவசமாக் கொடுத்திருக்கான், நீ கவனிக்கல.

கிராணி வீட்டுக் கூரைய என்ன செய்யலாம்? முதல்ல புகைபோக்கிய அறு. அத வீசாத, அதுக்கு வேலை இருக்கு, சொல்றேன். கூரைச் சரிவு நமக்கும் வேணும்தான். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுற ஊரு இது. ஆனா கறுப்புக் காட்டு அளவு வேணாம். முக்கோணச் சுவரோட உச்சிய அறுத்துச் சரிவக் கொற. கொறைச்சா ஓட்டுப் பலகை வெளிய நீளும் பாரு, அத வெட்டாத, அப்படியே விடு. அதுதான் நமக்கு வேணும். மூணு அடி இறவாரம்னா பத்தரை மில்லிமீட்டர். வெயிலும் சாரலும் சுவர்ல படக்கூடாது. அப்புறம் வீட்டத் தூக்கு. தரையில உட்கார்ந்த வீடு வெள்ளைக்காரனுக்கு. கிராணி வீட்டுக்குக் கீழ மூணு அடித் தூணு இருக்கணும். சாத்தே குச்சிய பத்தரை மில்லிமீட்டருக்கு வெட்டி வரிசையா நிறுத்து. வீட்டுக்கு அடியில ஒரு சைக்கிள், ரெண்டு கோழி, உடைஞ்ச நாக்காலி. கண்ணாடி ஜன்னல எடுத்துட்டு மரச் சட்டம் வை. இப்பப் பாரு, கிராணிக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கும்.

லயத்துக்கு எந்தப் பெட்டியும் வாங்காத. எந்தக் கம்பெனியும் விக்கலங்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு, நான் இருக்கேன். பழைய லயத்துல ஒரு அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னெண்டடி. உன் அளவுல 35 மில்லிமீட்டருக்கு 42. பத்தடி முகப்புல எட்டுக் கதவு வரிசையா வெச்சா 80 அடி, உன் மேசையில 28 சென்டிமீட்டர். 'நீளமா இருக்கே தாத்தா, அஞ்சு கதவு போதுமே'ன்னு கேப்ப. போதும். அஞ்சு வெச்சா கண்ணு ஏமாறும், மூணு வெச்சா ஏமாறாது. வரிசைன்னு தோணணும்னா அஞ்சுக்குக் கொறையக் கூடாது. ஸ்டேசன் மேடையும் அப்படித்தான். 200 மீட்டர் மேடைய உள்ளது உள்ளபடி கட்டினா ரெண்டே கால் மீட்டருக்கு மேல போகும், உங்கம்மா சமையல்கட்டுல போய் முட்டும். பாதியா வெட்டு. கதவையும் ஆளையும் மட்டும் கொறைக்காத.

லயத்துக் கூரை சிங்கு. மூணு அங்குலத்துக்கு ஒரு அலைன்னா 1:87-ல ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ வரும். அலை அச்சு உள்ள பிளாஸ்டிக் தகடு விக்கிறான். இல்லைன்னா அது மேல சமையல் அலுமினியத் தாள வெச்சு நகத்தால தேய்ச்சு எடு, அசல் சிங்கு. ஒரே தகடா நீளமாப் போடாத. எட்டடி எட்டடியா நறுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திப் போடு. நடுவுல ஒண்ணு புதுசா மினுங்கட்டும், ஒண்ணு செக்கச்செவேல்னு துருப்பிடிச்சிருக்கட்டும், ஒண்ணு மேல பழைய டயர் இருக்கட்டும். டயர் எதுக்குன்னு கேக்காத. காத்துல தகடு பறந்த வீட்டுல தூங்கிப் பார்த்தவனுக்குத் தெரியும். ஒவ்வொரு வாசல்லயும் வேற வேற சாமான் வை. எல்லா வாசலும் ஒண்ணாவே இருந்தா அது லயமில்ல, ஆஸ்பத்திரி.

கடைத்தெருவுக்கு வால்தர்ஸ் செங்கல் கடை வரிசை எடுத்திருக்க. நல்ல சுவருதான், உயரமும் சரி. ஆனா கடைக்காரன் முகத்த நேரா ரோட்டுல வெச்சிருக்கான். கீழ்த்தளத்து முகப்ப அறுத்து பதினேழரை மில்லிமீட்டர் உள்ள தள்ளு. அஞ்சடி. மேல் மாடிய அப்படியே விட்டு, முன்னால தூணு கொடு. காக்கி லீமா ஆச்சா? அதுக்கு முன்னால லோங்காங், அஞ்சு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தரையக் கீறி, அடியில கறுப்பும் பச்சையும் கலந்து ஒரு துளி பளபளப்பு வார்னிஷ். தாண்டுறதுக்குப் பலகை. காப்பிக்கடை மேசை ஒண்ணு வெளிய ரோட்டு வரைக்கும் வந்திருக்கணும். பலகையில மாவட்டப் பேரு எழுதறப்ப வருஷத்தப் பாரு. 2008-லேருந்து 2015 வரைக்கும் நம்ம மாவட்டத்துக்குக் கூலாய்ஜெயான்னு பேரு. அந்த வருஷத்து ஊரக் கட்டிட்டு மாவட்டப் பேர வெறும் கூலாய்னு எழுதினா விஷயம் தெரிஞ்சவன் சிரிப்பான்.

வருஷம்னு சொன்னதும்தான் கேக்கணும்னு நெனச்சேன். உன் மேசையில இப்ப எந்த வருஷம் நடக்குது? அத்தாப்புக் கூரை வீட்டுக்குப் பக்கத்துல மின்சார ரயில் போகுது. கெமாஸ்லேருந்து ஜொகூர் பாரு வரைக்கும் 192 கிலோமீட்டர் ரெட்டைப் பாதை போட்டு, 2025 டிசம்பர்லதான் இ.டி.எஸ். மின்சார ரயில் ஜேபி வரைக்கும் வந்தது. அது வேணும்னா மேல கம்பி வேணும், தூண் வேணும், மேம்பாலம் வெச்ச புது ஸ்டேசன் வேணும். உன் ரயிலுக்குக் கம்பியும் இல்ல தூணும் இல்ல, பக்தியால ஓடுது. பழைய மர ஸ்டேசன்தான் பிடிக்கும்னா டீசல் இஞ்சினப் போட்டு, ஜெர்மன் கிராமத்து ஸ்டேசன் பெட்டி ஒண்ண எடுத்து, மாடிய அறுத்துத் தள்ளிட்டு, கீழ்த்தளத்த மட்டும் வெச்சு, நீளமா இறவாரம் இழு. மிஞ்சின மாடி கெடக்கட்டும், வேற ஏதாவதுக்கு ஆகும். ஸ்டேசனுக்குள்ள காப்பிக்கடை வேணும்னா குளுவாங்குக்குப் போய்ப் பார்த்துட்டு வா, 1938-லேருந்து அங்க காப்பி ஊத்துறாங்க. போனா எனக்கு ரெண்டு ரொட்டி கட்டிக்கிட்டு வா.

இப்பப் புகைபோக்கிக்கு வர்றேன். ஜெர்மன் சாராய ஆலைப் பெட்டி ஒண்ணு பிரிக்காமக் கெடக்குதே, அலமாரிக்கு மேல, உங்கம்மாவுக்குத் தெரியாம? அதுதான் உன்கிட்ட இருக்கிறதுலயே உருப்படியான பெட்டி. அதச் செம்பனை எண்ணெய் ஆலையா மாத்து. கூலாயச் சுத்தி தாயிப் அண்டாக்குன்னு பெல்டா நிலம், தோட்டம் தோட்டமா செம்பனை, எண்ணெய் ஆலை இல்லாம ரயில் மட்டும் ஓடினா குலைய எங்க கொண்டுபோய்க் கொட்டுவ? செங்கல் சுவர்ல பாதிய எடுத்துட்டு சிங்குத் தகடு போடு. ஆலைக்குச் சுவரு பாதிதான், மேல பாதி காத்துக்குத் தொறந்தே கிடக்கும். அறுத்து வெச்ச வீட்டுப் புகைபோக்கிங்கள வரிசையா ஒட்டி கூரைக் காத்துப்போக்கியா வை. பெரிய புகைபோக்கி 30 மீட்டர்னா 34 சென்டிமீட்டர் வரும். பெட்டியில வர்றது எட்டாது, குடைக் கம்பி செருகுற அலுமினியக் குழாய வெட்டி நிறுத்து. அதுலேருந்து வர்ற புகை, குலையிலேருந்து பிரிச்ச நாரையும் ஓட்டையும் கொதிகலன்ல எரிக்கிறது. தோட்டத்து ஆளுக்கு அந்த வாசனை தெரியும். உனக்கு வாசனை போட முடியாது, அதுல நான் உன்ன மன்னிச்சிடுறேன்.

ஆலைக்குள்ள ஒரு ரகசியம் இருக்கு, அதக் கண்டா நீ ராத்திரி தூங்க மாட்ட. அங்கயும் தண்டவாளம் உண்டு. பழக்குலைய இரும்புக் கூண்டு வண்டியில கொட்டி, சின்னப் பாதை மேல தள்ளி, படுக்க வெச்ச பெரிய பீப்பாய்க்குள்ள வரிசையா ஏத்தி, கதவ அடைச்சு, மூணு பார் அழுத்தத்துல நீராவி விடுவாங்க. ஒண்ணரை மணி நேரம் வெந்தா பழம் காம்பிலேருந்து உதிரும். நீ எண்ணெய் டிப்போ பெட்டியில மிஞ்சின தொட்டியப் படுக்கப் போடு, முன்னால வட்டக் கதவு, கதவுலேருந்து ரெண்டு கம்பி வெளிய வரட்டும், அது மேல நாலு கூண்டு. கூண்டுல குலைக்கு என்ன? சாமிக்குப் பூசுற செந்தூரத்துல உருட்டின மிளகு. நிறுத்தி வெச்ச தொட்டிங்க கச்சா எண்ணெய்க்கு. பார்க்க வர்றவன் பெரிய ரயில விட்டுட்டு இதையே பார்த்துக்கிட்டு நிப்பான்; நீயும் கொஞ்சம் பெருமை பட்டுக்கலாம்.

கோயில் கட்டப்போறேன்னு சொன்ன. கோபுரம் எந்தப் பெட்டியிலயும் வராது, அதுவும் நல்லதுக்குத்தான். தோட்டத்துக் கோயிலுக்கு முதல்ல கோபுரம் எங்க இருந்தது? ஒரு மரம், ஒரு கல்லு, ஒரு சூலம், மேல நாலு சிங்கு. ஜொகூர் பாருவுல ரயில் பாதைக்குப் பக்கத்துல ராஜகாளியம்மன் கோயில் இருக்கே, கண்ணாடிக் கோயிலுன்னு ஊரே போய்ப் பார்க்குது, அதுவே 1922-ல ஒரு குடிசையா ஆரம்பிச்சதுதான். இன்னிக்கு அதுல மூணு லட்சம் கண்ணாடித் துண்டுன்னு சொல்றாங்க. நீ அதக் கட்டணும்னு ஆசைப்படாத. முதல் ஆயிரத்துக்கே கண்ணு போயிடும். மரத்தடி முனீஸ்வரனுக்கு ஒரு சூலம் நிறுத்து, குண்டூசி போதும். ஆனா ஒண்ணு, தண்டவாளத்துக்குக் குறுக்க வைக்காத. நம்ம ஆளுங்களுக்கு அதுல ஏற்கெனவே போதுமான தலைவலி.

உங்கம்மா இதச் சின்னப் புள்ளை விளையாட்டுன்னு திட்டுறா. அவகிட்ட எடுத்துச் சொல்லு: ஹாம்பர்க்ல பிரவுன்னு ரெட்டைப் புள்ளைங்க 2001-ல தொறந்த ரயில் ஊருக்கு உலகம் முழுக்க ஆளுங்க டிக்கெட் வாங்கிப் போறாங்க. இந்தியாவுல பூனாவுல ஜோஷின்னு ஒருத்தர் கட்டின குட்டி ரயில் மியூசியம் 1998-லேருந்து நடக்குது. அதுக்கும் மசியலைன்னா நவராத்திரிக்கு கோயில் கொலுவுல யாரு பார்க்கு கட்டினதுன்னு கேளு. கேழ்வரகு முளைக்க வெச்சு வயலு, கண்ணாடித் துண்டுல குளம், மணல்ல ரோடு, சுத்தி ஒரு சாவி ரயிலு. அதையெல்லாம் கட்டினது உங்கம்மாவும் அவ சிநேகிதிங்களும்தான். என்ன, அதுல செட்டியார் பொம்மை ஸ்டேசனவிட உயரமா இருப்பாரு, வியாபாரத்துல பெரியவருன்னு விட்டுடலாம்.

இனிமே கலரு. புது வீடு கட்டி முடிச்சதும் நீ எல்லாத்தையும் ஒரேயடியா அழுக்காக்குற, பெட்டியில வந்த பவுடர அப்பி அப்பி. அழுக்குக்கும் ஒரு முறை இருக்குடா. நம்ம மண்ணு செம்மண்ணு. மழை இறவாரத்துலேருந்து தரையில விழுந்து திரும்பத் தெறிக்கும். தெறிக்கிறது ரெண்டு அடி உயரத்துக்கு. உன் அளவுல ஏழு மில்லிமீட்டர். சுவரோட அடியில அந்த ஏழு மில்லிமீட்டருக்குச் சிவப்பா ஒரு பட்டை, மேல போகப் போக மங்கலா. அது இருந்தா வீடு கூலாய்ல இருக்கு. அது இல்லைன்னா வீடு பெட்டியிலேருந்து இன்னும் இறங்கல. அதுக்கு மேல, ஜன்னல் மூலையிலேருந்து கறுப்பா நீர் வடிஞ்ச கோடு. மேற்குப் பக்கம் வெளுத்திருக்கணும், நிழல் பக்கம் பாசி. எல்லாத்தையும் தண்ணியாக் கலக்கித் துடைச்சு எடு, பூசாத. ஸ்பிரே அடிக்கிறதா இருந்தா வெயில் காயுற காலையில அடி. சாயங்கால மழைக்கு முன்னால அடிச்சா ஈரம் பிடிச்சு பெயிண்டு சாம்பல் பூத்துடும், அப்புறம் மறுபடியும் பனின்னு சொல்லுவ.

செம்மண்ண காசு கொடுத்து வாங்கினன்னு கேள்விப்பட்டேன். அமெரிக்கச் செம்மண்ணு, ஒரு பையி. தம்பி, வீட்டுக்குப் பின்னால ஒரு லாரி மண்ணு சும்மாக் கெடக்கு. ஒரு கரண்டி எடுத்து வெயில்ல காயவெச்சு, பழைய சட்டியில வறுத்து எறும்பு முட்டையெல்லாம் போகட்டும்னு விட்டு, காலுறையில போட்டுச் சலி. அப்புறம் மறக்காம ஒரு காந்தத்த அது மேல இழு. இந்த மண்ணு சிவந்ததே இரும்பாலதான். காந்தத்துல ஒட்டுற தூள எடுக்கலைன்னா அது உன் இஞ்சின் மோட்டாருக்குள்ள போய்க் குடியிருக்கும். மிச்சத்தத் தூவி, தண்ணி கலந்த வெள்ளைப் பசையில ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு சொட்டுச் சொட்டா ஊத்து. வீட்ட அந்த மண்ணுல ரெண்டு மில்லிமீட்டர் புதைச்சு வை. இப்ப உன் வீடெல்லாம் தரைக்கு மேல ஒரு நூல் இடைவெளியில மிதக்குது, எல்லாரும் முனிவரா இருக்காங்க.

உள்ளுக்குள்ள விளக்குப் போடறதா இருந்தா சுவரோட உள் பக்கம் முதல்ல கறுப்பு அடி, அதுக்கு மேல வெள்ளை. இல்லைன்னா மூலை மூலையா வெளிச்சம் ஒழுகும். லயத்துக்கு மஞ்சளா மங்கலா ஒண்ணு போதும், எல்லா வீட்டுக்கும் இல்ல, மூணு வீட்டுக்கு. மத்தவங்க தூங்கிட்டாங்க, விடியக்காலம் பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போகணும்.

கடைசியில அந்த ஆளுங்க. ஒரு டப்பாவுல நூறு பேரு வாங்கியிருக்க, எல்லாரும் கோட்டு போட்டு, தொப்பி வெச்சு, கழுத்துல கம்பளி சுத்தி. இந்த வெயில்ல இவங்க நடந்தா லோங்காங்குல மயங்கி விழுவாங்க. தொப்பிய அரத்தால தேய், கம்பளிய கத்தியால செதுக்கு. கோட்டுக்குக் கீழ் பாதிய கட்டம் போட்ட கைலியா வரை, நீளமா இருக்கிறவள சேலையாக்கு. தோல் கலரு டப்பாவுல இருக்கிற இளஞ்சிவப்ப மூடி வை, காப்பிப் பொடி நிறத்த எடு. என்னையும் வைக்கப் போறதா சொன்னியாமே. வை, நான் வேணாம்னு சொல்லல. பத்தொம்பதரை மில்லிமீட்டருக்கு மேல ஒரு நூலு கூட்டி வெச்சுக்க, தொப்பைய மட்டும் கொறைக்காத. காப்பிக்கடையில வெளி மேசையில உட்கார வை. முன்னால கோப்பி ஒண்ணு இருக்கட்டும், கணக்க உன் பேருல எழுதிடச் சொல்லு.